வேனுக்கும் வடிகால் உண்டு

"சித்தப்பா, பிரேக்கை மிதிச்சா இடதுபக்க இண்டிகேட்டரும் மங்கலா எரியுது. இது என்ன பேய் வேலை?" என்று கேட்டுக்கொண்டேதான் அண்ணன் மகள் அன்று உள்ளே வந்தாள். ஒரு கையில் நனைந்த குடை. இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து பில்களை எடுத்து மேசைமேல் பரப்பினாள். ஒரு வருடத்துக்குள் இரண்டு பேட்டரி, ஒரு ஹெட்லைட் சுவிட்ச், ஒரு இண்டிகேட்டர் பிளாஷர். இத்தனையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்திய வண்டி திங்கட்கிழமை காலையில் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது. இரவில் முன்விளக்கு மஞ்சளாகத்தான் எரிகிறது. அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி அது. காலையில் நேரத்துக்குக் கிளம்பியே ஆகவேண்டும்.

"உட்காரம்மா. முதலில் டீ குடி. வண்டி எங்கேயும் போகாது" என்றேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மெக்கானிக் இல்லை. ஆனால் கரண்ட் சம்பந்தப்பட்ட பழுதில் முதல் அரைமணி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் வேலையே என்பது எனக்குத் தெரியும். அந்த அரைமணி நேரத்தை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் இத்தனை பில்.

வண்டி 2004-ஆம் வருடத்து ஆம்னி. நம் ஊரில் மாருதி வேன் என்றால்தான் புரியும். 1984-இல் வேன் என்றே வந்தது. 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறியது. 2019-இல் நிறுத்தினார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சீட்டுக்கு அடியில் இன்ஜின், இரண்டு பக்கமும் இழுத்துத் திறக்கும் கதவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணச் சீர், காய்கறி மூட்டை, ஆம்புலன்ஸ் என்று அது சுமக்காத சுமை இல்லை. இந்த வண்டியின் பெரிய நன்மை ஒன்றுண்டு. இன்றைய கார்களைப்போல விளக்குக்கு ஒரு கம்ப்யூட்டர், கதவுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று இதில் கிடையாது. சுவிட்ச், ஒயர், பல்ப், அவ்வளவுதான். கண்ணால் தொடர்ந்து போனால் போய்ச் சேர்ந்துவிடலாம். அதனால் இதன் பழுதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்க முடியும்.

டீ டம்ளரை நகர்த்திவைத்துவிட்டு அவளிடம் ஒன்று கேட்டேன். "நம்ம வயலுக்கு எத்தனை வாய்க்கால்?"

"பாய்ச்சுறதுக்கு ஒண்ணு. வடிக்கிறதுக்கு ஒண்ணு."

"வடிவாய்க்கால் அடைச்சுக்கிட்டா?"

"தண்ணி தேங்கும். வரப்பு உடைஞ்சு பக்கத்து வயலுக்குள்ள போயிடும்."

அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து பியூஸ், சுவிட்ச் வழியாக பல்புக்கு வருகிற ஒயர் பாய்ச்சுகிற வாய்க்கால். பல்பை எரித்த பிறகு கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பவேண்டுமே, அந்த வழி வடிகால். வண்டியில் அதற்குத் தனி ஒயர் முழுத்தூரத்துக்கும் போடுவதில்லை. ஒவ்வொரு விளக்குக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கறுப்பு ஒயரை பாடியில் திருகிவிடுவார்கள். அங்கிருந்து பேட்டரி வரைக்கும் வண்டியின் இரும்புத் தகடே திரும்பும் வழி. இதைத்தான் எர்த் என்கிறோம். வயலோடு ஒப்பிடும்போது ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் இருக்கட்டும். வடிகிற தண்ணீர் கடலுக்குப் போய்விடும். கரண்ட் போகாது. கிளம்பிய பேட்டரிக்கே அது திரும்பி வந்தாகவேண்டும். திரும்பும் வழி அடைத்தால் கிளம்பவே கிளம்பாது, அல்லது வேறு வரப்பை உடைக்கும்.

இருபது வருடம் மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டியில் முதலில் போவது இந்தத் திருகுகள்தான். பாய்ச்சுகிற ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது. எர்த் திருகுக்கு ஒன்றும் இல்லை. தகடு துருப்பிடிக்கும், ஒயரின் நுனியில் இருக்கும் லக்கில் பச்சை பூக்கும், திருகு லேசாகத் தளரும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருப்பதுபோலத் தெரியும். யாரும் அதைக் கழற்றிப் பார்ப்பதில்லை. பில் போடும்படி அதில் ஒரு சாமானும் இல்லை.

மழை விட்டதும் வாசலுக்கு வந்தோம். என்னிடம் இருந்தவை இவ்வளவுதான். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், கொஞ்சம் உப்புத்தாள், கொஞ்சம் வாசலின். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ஒரு பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் என்று வைத்திருப்பார்கள். அதுவும் நல்ல கருவிதான். இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லும், எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மீட்டர்தான் வேண்டும். "வளையலைக் கழற்றி வை" என்றேன். பேட்டரிப் பக்கம் போகும்போது மோதிரமும் உலோக வளையலும் கூடாது. பன்னிரண்டு வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்காது. ஆனால் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு தங்க வளையல் சிக்கினால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது பழுக்கக் காய்ந்துவிடும்.

பின்பக்க இடது விளக்கின் கண்ணாடியைக் கழற்றினோம். பிரேக், இண்டிகேட்டர், பார்க்கிங், ரிவர்ஸ் என்று நான்கு வேலைக்கும் பல்புகள் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. நான்குக்கும் சேர்த்து வடிகால் ஒன்றே. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் வரைக்கும் ஒரு நீள ஒயரால் சேர்த்துவிட்டு, சிவப்பு முனையை விளக்கின் எர்த் தகட்டில் வைத்தேன். "இப்ப பிரேக்கை மிதி."

மீட்டரில் 6.3.

"அங்க எவ்வளவு இருக்கணும் சித்தப்பா?"

"கிட்டத்தட்ட பூஜ்யம். 0.2-க்கு மேலே போனாலே பார்க்கணும்."

எர்த் என்பது பேட்டரி மைனஸின் இன்னொரு முனை. அங்கே 6 வோல்ட் நிற்கிறதென்றால் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். பிரேக் பல்பு 21 வாட். எரிய வேண்டிய கரண்ட் ஒன்றே முக்கால் ஆம்பியர். அது பல்பு வரைக்கும் வந்துவிட்டது, திரும்ப வழியில்லை. பக்கத்திலேயே இண்டிகேட்டர் பல்பு இருக்கிறது. அதன் ஒரு முனையும் இதே எர்த் தகட்டில். மறுமுனை ஒயர் வழியாக முன்பக்க இண்டிகேட்டருக்குப் போகிறது. அங்கே எர்த் நன்றாக இருக்கிறது. ஆக, பிரேக்குக் கரண்ட் இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, முன்பக்கம் வரைக்கும் சுற்றிப்போய், அங்கே வடிகிறது. இரண்டு மூன்று பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் முழுசாக எரியாது. எல்லாம் மங்கல். பேய் வேலை இதுதான். இரவில் பார்க்கிங் லைட் போட்டு இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங்கும் சேர்ந்து கண்சிமிட்டுகிறது என்று பலர் சொல்வார்கள், அதுவும் இதே கதை. ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கு எதிர்வினை காட்டினால், வேறு எதையும் தொடாமல் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

திருகைக் கழற்றினேன். அடியில் வெள்ளையும் பச்சையுமாக மாவுபோல உதிர்ந்தது. தகட்டில் பெயின்ட் உப்பி, அதன் கீழே செம்மண் நிறத்தில் துரு. உப்புத்தாளை அவளிடமே கொடுத்தேன். ஒரு நாணயம் அளவுக்கு இரும்பு வெள்ளி மாதிரி பளபளக்கும்வரை தேய்த்தாள். லக்கையும் தேய்த்து, பல் வாஷர் ஒன்று போட்டு, இறுக்கித் திருகி, மேலே வாசலின் தடவினோம். வாசலினை முதலிலேயே தடவிவிடக் கூடாது. உலோகமும் உலோகமும் இறுகிச் சேர்ந்த பிறகு, ஈரம் போகாதபடி மேலே மூடுவதற்குத்தான் அது. மறுபடியும் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மீட்டரில் 0.06. பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு டிரைவர் சீட்டிலிருந்து அவள் ஒரு சத்தம் போட்டாள், எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். பிளாஷர் மாற்றிய பில்லை நான் மடித்து உறைக்குள் வைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். இதில் படித்தவர்களே ஏமாறுவார்கள். மீட்டரை ஓம் அளவில் வைத்து ஒயரின் இரண்டு முனையிலும் தொட்டு, "பீப்" சத்தம் வந்தால் ஒயர் நல்லது என்று முடிவு கட்டுவார்கள். அது போதாது. முப்பது இழை உள்ள ஒயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு சின்னது. ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆள் நடந்துபோக முடிகிறது என்பதற்காக அதில் நெல் லாரி போகும் என்று சொல்லமுடியுமா? அதனால் வேலை நடக்கும்போது அளக்கவேண்டும். விளக்கு எரியும்போது, செல்ஃப் அடிக்கும்போது, அந்த வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்கவேண்டும். தொலைகிற இடம்தான் பழுதான இடம். நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஓம் விதி, வண்டியின் அடியில் குனிந்து பார்க்கும்போது இந்த ஒரு வரியாகத்தான் எனக்கு மிஞ்சியது.

செல்ஃபில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். வண்டியிலேயே அதிகம் கரண்ட் குடிப்பது அதுதான். ஏறக்குறைய நூறு ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே போய்விடும். டெர்மினலில் உப்பு பூத்தாலே அவ்வளவு தடை வந்துவிடும். ஆகவே சாவியைத் திருப்பி "டிக்" என்று மட்டும் சத்தம் வந்தால், உடனே பேட்டரி போச்சு, செல்ஃப் மோட்டார் போச்சு என்று முடிவு செய்யாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு அப்படியே சோர்ந்து அணைந்துபோனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் டெர்மினல் பிடிப்பு சரியில்லை. விளக்கு கொஞ்சமும் அசையாமல் பிரகாசமாக எரிந்தால் கரண்ட் செல்ஃப் வரைக்கும் போகவே இல்லை. சாவி சுவிட்ச், சொலினாய்டு, இன்ஜின் எர்த் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். ஒரு காசு செலவில்லாத சோதனை இது.

இன்ஜினுக்கும் தனி எர்த் உண்டு. இன்ஜின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் ஒரு தடித்த ஒயர் இன்ஜினையும் பாடியையும் சேர்க்கும். அது அறுந்துவிட்டால் செல்ஃபின் நூறு ஆம்பியரும் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் இரண்டும் இரும்புதானே. செல்ஃப் அடித்தபிறகு கிளட்ச் கேபிள் சூடாக இருந்தால், அல்லது அடிக்கடி உருகி இறுகிப்போனால், கேபிளை மாற்றி மாற்றிப் பயனில்லை. அந்தத் தடித்த ஒயரைத் தேடுங்கள்.

இரண்டாவது டீ வந்தது. அவள் அம்மா, எங்கள் அண்ணி, பேட்டரிக் கதையைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேட்டரி அளவுகளை ஒரு அட்டையில் எழுதி வண்டியிலேயே வைக்கச் சொன்னேன். இரவு முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரி காலையில் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.9 என்றால் ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போது ஒரு விநாடி இறங்கும், ஆனால் 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்கவேண்டும். அப்போதுதான் டைனமோ, அதாவது ஆல்டர்நேட்டர், சார்ஜ் ஏற்றுகிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்புகள் அடுத்தடுத்து பியூஸாகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். இவளுடைய வண்டியில் 14.1. டைனமோவின்மேல் குற்றமில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "இன்ஜின் நிக்கலை பாருங்க, டைனமோ நல்லா இருக்கு" என்று சிலர் சோதித்துக் காட்டுவார்கள். அம்பாசடர் காலத்து நிஜ டைனமோவோடு வந்த பழக்கம் அது. ஆல்டர்நேட்டரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் திடீரென்று பல மடங்கு எகிறும். டயோடும் இன்ஜின் கம்ப்யூட்டரும் சேர்ந்தே போய்விடும். யார் செய்யவந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

டைனமோ சரி, பேட்டரி புதிது. அப்படியானால் வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவே யாரோ குடிக்கிறார்கள். யார் என்று பிடிக்க மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, பேட்டரியின் மைனஸ் கம்பத்துக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவில் சேர்த்தோம். எப்போதும் மைனஸைத்தான் முதலில் கழற்றவேண்டும், கடைசியில் மாட்டவேண்டும். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போனால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட அந்த நொடியே பொறி பறக்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக்கூடாது, மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். சாவியை எடுத்து, எல்லாக் கதவையும் சாத்தி, சில நிமிடம் காத்திருந்தோம்.

0.42 ஆம்பியர்.

கடிகாரமும் இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவும் சேர்ந்து குடிப்பது 0.05-க்குள் அடங்கவேண்டும். அவளையே கணக்குப் போடச் சொன்னேன். பேட்டரி 35 ஆம்பியர்-அவர். வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து திங்கள் காலை எட்டு மணிவரை 62 மணி நேரம். 62-ஐ 0.42-ஆல் பெருக்கினால் 26. மிச்சம் 9. அதை வைத்து செல்ஃப் எப்படிச் சுற்றும்? பேட்டரி இரண்டு முறை செத்ததற்கும் இதுவே காரணம். வண்டி பேட்டரி ஒரு நொடி அள்ளிக்கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்தது. வாராவாரம் அடிவரை இறங்கினால் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கொள்ளாது. புது பேட்டரியை விற்றவரிடம் தவறில்லை. அது ஏன் செத்தது என்று யாரும் கேட்காமல் விட்டதுதான் தவறு.

டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். எந்தப் பியூஸை எடுக்கும்போது மீட்டர் இறங்குகிறதோ அந்த வரிசையில்தான் திருடன். முதல் பியூஸ், 0.42. இரண்டாவது, 0.42. கடைசிப் பியூஸையும் எடுத்தாகிவிட்டது. மீட்டர் பெரிதாக அசையவில்லை. அவள் முகம் வாடிப்போயிற்று. எனக்கோ அப்போதுதான் நிம்மதி வந்தது. கம்பெனியில் போட்ட ஒயரிங் முழுதும் நிரபராதி என்றாகிவிட்டது. பியூஸ் பெட்டிக்கு வராமலே, பேட்டரியிலிருந்து நேராக எவரோ ஒரு மடை வெட்டியிருக்கிறார்கள்.

"இந்த வண்டியில் பிற்பாடு என்ன மாட்டினீங்க?"

யோசித்தாள். "பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு. தம்பி கல்யாணத்தப்ப."

பேட்டரி பிளஸ்ஸில் தடித்த லக்கின்மேல் இன்னொரு மெல்லிய சிவப்பு ஒயர் உட்கார்ந்திருந்தது. அதைப் பின்தொடர்ந்து தரைவிரிப்பைத் தூக்கினோம். ஒரு இடத்தில் ஒயரோடு ஒயரை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயில் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தானாகப் பிரிந்து, செம்பு வெளியே தெரிந்தது. அடுத்த அங்குலத்தில் தகட்டின் கூர்மையான விளிம்பு. ஆம்ப்ளிஃபயரைத் தூங்கவைக்கவும் எழுப்பவும் ரிமோட் என்று ஒரு மெல்லிய ஒயர் உண்டு. அதைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் கொடுக்கவேண்டும். இவர்கள் அதையும் நேர் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டார்கள். அதனால் அது இரவும் பகலும் விழித்தே கிடந்தது. கழற்றினோம். மீட்டர் 0.02-க்கு இறங்கியது.

எனக்குப் பேட்டரி இறங்கியதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்த ஒயரில் பியூஸ் இல்லை. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அந்தச் செம்பு தகட்டில் பட்டிருந்தால் பேட்டரி தன்னிடம் இருப்பது அத்தனையையும் அந்த மெல்லிய ஒயருக்குள் கொட்டியிருக்கும். உறை எரியும், விரிப்பு பற்றும். பக்கத்தில் பெட்ரோல் இன்ஜின். அதன் மேலேதான் முன்சீட்டு. பின்சீட்டில் சிகிச்சை முடிந்து அசதியில் தூங்கிக்கொண்டு வருகிற என் அண்ணன். பியூஸ் காப்பாற்றுவது விளக்கையோ ஆம்ப்ளிஃபயரையோ அல்ல. அது காப்பாற்றுவது ஒயரை, ஒயர் வழியாக உங்களை. எனவே பேட்டரியிலிருந்து புதிதாக எதை இழுத்தாலும், ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் போடவேண்டும்.

பியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளையோ சுற்றிவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று நிறத்திலேயே அளவு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். சிவப்பு போன இடத்தில் சிவப்பு. அதுவும் உடனே போய்விட்டால் பெரிய அளவு போடுவது பதில் ஆகாது. அந்த வரிசையில் எங்கோ ஒயர் உரசுகிறது. மழைக்காலமென்றால் எலி கடித்திருக்கவும் கூடும்.

முன்விளக்கின் மஞ்சள் வெளிச்சத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. பேட்டரியில் 12.5 இருக்கும்போது பல்பின் முனையில் 11.2-தான் வந்தது. ஒரு வோல்ட்டுக்கும் மேலே வழியில் தொலைகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால்தான் கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரிகிறது. இதற்குப் பலர் கண்டுபிடிக்கும் வைத்தியம், 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் போடுவது. அதோடு சுவிட்சும் கப்ளரும் உருகும். இவளுடைய ஹெட்லைட் சுவிட்ச் உருகி மாற்றவேண்டிவந்ததும் அதனால்தான், மாற்றும்போது பல்பை யாரும் பார்க்கவில்லை. வேண்டியது ஒரு ரிலே. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரத்தில் வைத்த எண்கள் அவை. எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான். 30-க்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த ஒயர், 87-லிருந்து பல்புக்கு. பழைய சுவிட்ச் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. இனி சுவிட்ச் சுமக்கப்போவது ரிலேயை இழுக்கும் சின்னக் கரண்ட்டை மட்டும். பல்புக்குரிய 9 ஆம்பியரை ரிலே சுமக்கும். இந்த வேலையை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடு என்றேன். கப்ளரை அழுத்திப்பிடிக்கும் கருவி அவரிடம்தான் இருக்கும், முறுக்கி டேப் சுற்றுவது மறுபடியும் வேண்டாம். ஆனால் போகும்போது "ஹெட்லைட் சரியில்லை" என்று சொல்லாதே. "பேட்டரியில 12.5, பல்புல 11.2, நடுவுல ரிலே போடணும்" என்று சொல். அளவோடு வருகிற ஆளுக்கு அவரும் அளவோடுதான் பதில் சொல்வார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. கிளம்பும்போது சாலைத் திருப்பத்தில் ஹாரன் அடித்தாள். சத்தம் வந்தது. ஸ்டியரிங்கை நேராக்கினாள், ஹாரன் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"இடதுபக்கம் திருப்பினா மட்டும் அடிக்குது சித்தப்பா."

"எப்பவும் அப்படியா?"

"மழையில மட்டும்னு நினைச்சேன். இப்ப மழை இல்லையே."

ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு செம்பு வளையமும், அதை உரசிக்கொண்டு நிற்கும் ஒரு சின்னக் குச்சியும் இருக்கும். ஹாரனின் கரண்ட் அந்த உரசல் வழியாகத்தான் போகிறது. இருபது வருடத்தில் வளையத்தின் ஒரு பாதி தேய்ந்திருக்கலாம், குச்சியின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். ஸ்டியரிங்கை எந்தக் கோணத்தில் வைத்தால் அடிக்கிறது, எதில் அடிக்கவில்லை என்று கடிகார முள் கணக்கில் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அதுவரை தெருமுனையில் மெதுவாகப் போ என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, அட்டையை எடுத்து, 14.1-க்குக் கீழே முதல் கோணத்தை எழுதிக்கொண்டாள்.